நாக்கில் தொடங்கும் பேனா

கூடலூர்ப் பக்கத்து நாடுகாணியில் பஸ் ஏறி ஊட்டிக்குப் போகிறவரின் சட்டைப் பையில், கால்வாசி மை மிச்சமுள்ள ஒரு பேனா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடலூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். நடுவட்டம், பைக்காரா என்று ஏறி ஊட்டியில் இறங்கும்போது உயரம் 2240 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய, பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. இந்த ஏற்றத்துக்கு அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். 4 மில்லி கொள்ளும் பேனாவில் 3 மில்லி காற்று இருந்தால், புதிதாக அரை மில்லி இடம் வேண்டும் என்று அது முட்டும். நிப்பு மேல்நோக்கி நின்றால் காற்று மட்டும் தப்பிக்கும். வளைவில் ஆள் சாய்ந்து பேனா படுத்துவிட்டால் காற்றுக்கு வழியில்லை. மைதான் வெளியே வரும். அரை மில்லி என்பது சுமார் பத்துச் சொட்டு.

கையால் மைப்பேனா செய்யக் கற்றுக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு எந்த வழி நல்லது என்று எடை போட இந்தப் பத்துச் சொட்டையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். பேனாவின் அழகைக் கண் சொல்லிவிடும். அது பேனாதானா என்பதை மைதான் சொல்ல வேண்டும். லேத்தில் பேனா செய்வதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மரத்தின் ரேகை, பாலிஷின் மினுமினுப்பு, உடலின் வளைவு என்றே சுற்றி வருகிறது. மை ஓடும் பாதையைப் பற்றிய பேச்சு கடைசியில் ஒரு வரியாக வரும்: நிப்பை வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள். இந்த வரிசையே தலைகீழானது என்பது என் வாதம்.

தொடங்குகிறவர் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது கிட். பித்தளைக் குழாய், முலாம் பூசிய வளையங்கள், கிளிப்பு, மரை வெட்டிய கழுத்து, நிப்பு எல்லாம் ஒரு பொட்டலத்தில் வந்துவிடும். மரக்கட்டையில் துளை போட்டு, குழாயை ஒட்டி, லேத்தில் மாட்டி, இரு முனையிலும் உள்ள அளவு வளையம் தொடும் வரை உளியால் சீவி, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றி, பாகங்களை அழுத்திச் சேர்த்தால் பேனா தயார். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை.

இதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உளியை எந்தக் கோணத்தில் வைத்தால் சீவும், எந்தக் கோணத்தில் வைத்தால் கட்டையைப் பிடித்து உடைக்கும் என்பதைக் கை அறிந்துகொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. சாணை பிடிக்கும் பழக்கமும் இதில்தான் வரும். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைந்தவர்களுக்கு அளவு வளையம் தேவைப்படவில்லை. சின்ன அம்மிக்கும் குடத்துக்கும் அவர்கள் கண்ணே அளவுகோல். அந்தக் கடைசல் கையில் நூற்றில் ஒரு பங்கு வர வேண்டுமானால்கூடப் பல கட்டைகளை வீணாக்கித்தான் ஆக வேண்டும். ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரருக்கு மரப்பேனா விற்க நினைப்பவருக்கும் கிட் நேர்மையான வழிதான்.

ஆனால் பத்துச் சொட்டுச் சோதனையில் கிட் எதையும் சொல்லித்தருவதில்லை. மை தொடும் ஒவ்வொரு பரப்பும் பொட்டலத்தில் வந்தது. மூடி இறுகும் மரையும் பொட்டலத்தில் வந்ததே. பேனா கசிந்தால் ஏன் கசிந்தது என்று செய்தவருக்குத் தெரியாது. முலாம் தேய்ந்தால் அவரால் மாற்றித்தர முடியாது. நூறு கிட் பேனா செய்தவர் நூறு உறைகள் கடைந்தவர். அது நல்ல கைவேலை, ஆனால் அதைப் பேனா செய்தல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வழி இன்று உலகம் முழுக்கத் தனிக் கைவினைஞர்கள் பலர் போகும் வழி. எபோனைட் அல்லது அக்ரிலிக் கம்பியை வாங்கி, உலோக வேலைக்கான சிறு லேத்தில் துளைத்து, உள்மரைக்கு டேப்பு, வெளிமரைக்கு டை போட்டு, உடல், கழுத்து, மூடி மூன்றையும் தாமே செய்கிறார்கள். நிப்பும் அதற்கு அடியில் உள்ள கட்டையும் சேர்ந்த தொகுதியை ஜெர்மனியிலிருந்து வாங்குகிறார்கள். ஹைடல்பெர்க்கின் பாக், பெர்லினின் யோவோ என்ற இரண்டு பெயர்களே பெரும்பாலும் காதில் விழும். மையை கன்வர்ட்டர் என்ற சின்னத் திருகு உறிஞ்சி பார்த்துக்கொள்ளும்.

இங்கே மரைதான் பாடம். மூடிக்கு 13 மில்லிமீட்டர் குறுக்களவில் 0.8 மில்லிமீட்டர் மரை வெட்டுகிறோம் என்று கொள்ளுங்கள். மரை 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும். ஒற்றைப்புரி மரை என்றால் மூடியை ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். பழைய இந்தியப் பேனாக்கள் பலவற்றைத் திறக்க அவ்வளவு நேரம் ஆவது இதனால்தான். மூன்று புரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வெட்டினால் ஒரு சுற்றுக்கு 2.4 மில்லிமீட்டர் இறங்கும்; இரண்டு சுற்றுக்குள் மூடி கழன்றுவிடும். இந்த முப்புரி டேப்பும் டையும் விலை கூடியவை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தொடங்குகிறவர் இதில்தான் முதல் பெரிய பணத்தைப் போடுகிறார். ஒற்றைப்புரியிலேயே ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. ஐந்து சுற்று என்பது குறை. அது கசிவு அல்ல.

இந்த வழி சோதனையில் நன்றாகவே தேறுகிறது. கன்வர்ட்டர் கொள்வது ஒரு மில்லிக்கும் குறைவு. அதில் 0.6 மில்லி காற்று இருந்தாலும், ஊட்டி போய்ச் சேரும்போது விரிவது 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு. நிப்புக் கட்டையில் இருக்கும் நுண்ணிய செதில்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். மலையில் வாழ்கிறவருக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தச் செதில்களைச் செய்தது யார்? இந்த இடத்தில்தான் மூன்றாவது வழியை, நம்முடைய பழைய வழியை, நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அதை நாக்கு என்போம். நிப்புக்கு அடியில் கறுப்பாக, நடுவில் கோடு வெட்டியிருக்கும் கட்டை. மை கீழே இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் எழுத்து பாதியில் நின்றுவிடும். கட்டில்லாமல் ஏறினால் மை கொட்டும். இந்த இரண்டு போக்குவரத்தையும் ஒரு சந்தில் ஒழுங்குபடுத்துவதே நாக்கின் வேலை. 1884-இல் அமெரிக்காவில் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றது இதற்காகத்தான். கெட்டி ரப்பர் நாக்கில் மெல்லிய கீறல்களை வெட்டினார். நம்பிக் கையில் எடுக்கக்கூடிய மைப்பேனா அதிலிருந்து வளர்ந்தது. உடலும் மூடியும் அதற்கு முன்பே இருந்தன.

அந்தக் கெட்டி ரப்பர்தான் எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கொம்பு போல இறுகிவிடும். அதன் பரப்பில் மை படர்ந்து நிற்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உருளப் பார்க்கும். அதனால் கையால் வெட்டும் நாக்குக்கு எபோனைட்டை விட்டால் வேறு கதி கிடையாது. கொதிநீரில் காட்டினால் சற்று இளகும், நிப்பின் வளைவோடு படிந்து உட்காரும். லேத்தில் துளைக்கும்போது வேகம் கூட்டினால் சூடேறிக் கந்தக நாற்றம் அடிக்கும். அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு துரப்பணத்தை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது, முகமூடி கட்டாயம். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பு மங்கிப் பாசி நிறத்துக்கு வரும். தேவாலா, நாடுகாணிப் பக்கத்து மழையை அறிந்தவர்கள் இந்தப் பேனாவை ஜன்னல் விளிம்பில் வைக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இந்த வேலைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ராஜமந்திரியில் கே.வி. ரத்னம் 1932-இல் தொடங்கிய பட்டறை இன்றும் பேசப்படுகிறது. சென்னையில் ஜெம் அண்ட் கோ, ‘காமா’ என்ற பெயரில் எபோனைட் பேனாக்களை விற்றது. திருவள்ளூரில் எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாக்கள் இன்று கடல் கடந்து போகின்றன. கணினி இயக்கும் இயந்திரம் இல்லாமல், லேத்தில் உளியைக் கையால் பிடித்து, மாதிரியைக் கண்ணால் ஒப்பிட்டுச் செய்யும் மரபு இது. உடலுக்கும் நாக்குக்கும் ஒரே பொருள், ஒரே பட்டறை. கடைந்தவரே மை ஊற்றி, எழுதிப் பார்த்து, நாக்கை இன்னும் ஒரு இழை சீவித் தருவார். இந்தக் கடைசி வேலையை கிட்டும் கற்றுத்தராது, ஜெர்மன் தொகுதியும் கற்றுத்தராது.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. உடல் முழுதும் மை ஊற்றும் பேனா இது. கையின் சூடு ஏறினாலே உள்ளிருக்கும் காற்று விரிந்து, மை கால்வாசிக்குக் கீழே வரும்போது எழுத்தின் நடுவில் சொட்டு விழும். மலைப்பாதையில் என்ன ஆகும் என்று முதலிலேயே கணக்குப் பார்த்தோம். கையால் வெட்டிய நாக்குகளில் ஒன்று தாராளமாகவும் அடுத்தது கஞ்சத்தனமாகவும் எழுதும். ஒரே மாதிரியில் வாங்கிய இரண்டு பேனாக்களின் மூடிகள் மாறிப் பொருந்தாமல் போவதும் உண்டு. ஜப்பானியர் இதே எபோனைட் உடலுக்குள் ஒரு தண்டை இறக்கி, வால்முனையைத் திருகினால் மைக்கிடங்கு மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். நம் பட்டறைகளில் அந்த அடைப்பான் பரவலாக வேர்விடவில்லை. இப்போது திருவள்ளூர்க்காரர்கள் உட்படப் பலரும் ஜெர்மன் நிப்புத் தொகுதியையும் கன்வர்ட்டரையும் பொருத்தித் தருகிறார்கள். வாங்குகிறவருக்கு அது நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாக்கு வெட்டும் கை அதனால் மெல்ல மறந்துபோகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிப்பு இன்னொரு வழக்கு. ராஜமந்திரிப் பேனாவின் கதை சுதேசிக் கதை. பேனாவைப் பெற்றுக்கொண்டு காந்தி 1935-இல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். பேனா முழுக்க உள்நாட்டுப் பொருள்தானா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவுக்கு வந்தது. இன்று கையால் செய்த இந்தியப் பேனா என்று விற்கப்படுவதன் நுனி பெர்லினில் பிறக்கும்போது குமரப்பா என்ன கேட்டிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காகத் தொடங்குகிறவரை நிப்பு செய்யச் சொல்ல மாட்டேன். தகட்டை வெட்டி, அழுத்தி வளைத்து, நுனியில் கடினக் குண்டுமணி ஒட்டி, தலைமயிர் அகலத்துக்குப் பிளக்கும் வேலை தனித்தொழில். அதற்கு அச்சும் அழுத்து இயந்திரமும் வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தொழிலுக்கு ஓர் ஊர் இருந்தது. சாத்தூர் என்றதும் இன்று காராச்சேவும் வெள்ளரியும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேனா நிப்பு செய்த ஊர் அது. பால்பாயிண்ட் பேனா வந்து அதைச் சாய்த்தது. சாத்தூர் நிப்பு மென்மையில் ஜெர்மன் நிப்புக்கு ஈடாகாது. ஆனால் கற்கிறவர் வளைத்து, தேய்த்து, நுனியைக் கெடுத்து, திரும்ப நிமிர்த்திப் பார்க்க மலிவான உள்நாட்டு நிப்பே வேண்டும். விலை கூடிய நிப்பில் கை நடுங்கும்; நடுங்கும் கை கற்காது. நிப்பை வாங்கியதில் குற்றம் இல்லை. உறைமேல் வாங்கியது இன்னது, செய்தது இன்னது என்று எழுதிவிட்டால் போதும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு பேனா செய்ய நினைக்கிறவர் மனசு முதலில் மரத்துக்குத்தான் போகும். ஈட்டி மரத்தை நினைக்கவே வேண்டாம். அதைக் காக்க 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், 2017 முதல் நாடு தாண்டிய வணிகத்துக்கும் உலக அளவில் கட்டுப்பாடு இருக்கிறது. தேயிலைக் கட்டை வேறு கதை. கவாத்தின்போதும், முதிர்ந்த செடியைப் பிடுங்கும்போதும் கிடைக்கிற கட்டை அடர்த்தியானது, நுண்ணிழை உடையது, கடைசலுக்கு அருமையாக இணங்கும். இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக அரசு 1968-இல் தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்கள் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. அந்தக் கைகள் கொழுந்தெடுத்த செடியின் கட்டையில் ஒரு பேனா என்ற எண்ணமே என்னை இளக்குகிறது.

ஆனால் மரம் மைக்குப் பகை. ஈரத்தில் அது நீளவாட்டில் அதிகம் மாறாது. குறுக்குவாட்டில் உப்பும், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக உப்பாது. ஜூனில் வட்டமாக இருந்த துளை ஆகஸ்டில் நீள்வட்டம் ஆகிவிடும். மரத்தில் வெட்டிய மரை அந்த மழைக்காலத்திலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும், கோடையில் தளரும். ஆகவே தேயிலைக் கட்டை உடலின் மேல்தோலாக மட்டும் இருக்கட்டும். உள்ளே எபோனைட் குழாய், மரை அனைத்தும் எபோனைட்டில். கட்டையை நிழலில் ஓர் ஆண்டாவது காயவைத்த பிறகுதான் அதுவும்.

இனி தீர்ப்பு. அதற்கு முன், கூடலூர் வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பழைய சம்பவம். 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் வரிசையாகப் பங்கு திரட்டின. கல்லிடிக்கும் கனத்த இயந்திரங்கள் காட்டுவழியே மலையேறின. பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று ஒழுங்காகச் சோதித்தது அதற்குப் பிறகுதான். சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. குடைந்த சுரங்க வாய்கள் இன்றும் புதருக்குள் இருக்கின்றன. லேத் வாங்குவதில் தொடங்கும் ஒவ்வொரு பேனா ஆசையிலும் எனக்கு அந்தச் சுரங்க வாய் தெரிகிறது.

எனவே என் வரிசை இது. முதலில் லேத் வேண்டாம். ஒரு மலிவான பள்ளிக்கூட இங்க் பேனாவை வாங்கி, அதன் பிளாஸ்டிக் நாக்கை உருவி, அதே குறுக்களவுக்கு ஒரு எபோனைட் கம்பியை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கைத் துரப்பணத்தில் மாட்டிச் சுழற்றினால் அதுவே சின்ன லேத். மெல்லிய ரம்பத்தால் நடுக்கோட்டை வெட்டி, அடியில் மேலும் நுண்ணிய கீறல் ஒன்று. மை ஊற்றி எழுதிப் பார்க்க வேண்டும். நான் இப்படி வெட்டிய முதல் நான்கில் இரண்டு மையை விடவே இல்லை, ஒன்று கொட்டியது, ஒன்று மூன்று பக்கம் எழுதி நின்றது. அந்த மூன்று பக்கத்தில் கற்றது, அதற்கு முன் படித்த எதிலும் இல்லை. நாக்கு ஒழுங்காக எழுதும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இரண்டாவது, மரை. இதற்கும் சொந்த லேத் அவசியமில்லை. வண்டிப் பட்டறைகளுக்கு வேலை செய்யும் லேத்காரர் யாராவது அருகிலுள்ள டவுனில் இருப்பார். மணிக்கணக்கில் காசு கொடுத்து அவர் பக்கத்தில் நின்று, எபோனைட் கம்பியை சக்கில் நேராகப் பிடிப்பது, துளைப்பது, டேப்பும் டையும் கோணாமல் இறக்குவது ஆகியவற்றைப் பார்த்துச் செய்ய வேண்டும். பெரிய லேத் இதற்கு அதிகப்படிதான். ஆனாலும் இரும்பில் ஆயிரம் மரை வெட்டிய ஒருவர் கையைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பத்து ஜோடி மரையில் எட்டு, ஊதினால் காற்று வராதபடி இறுகினால், அன்றைக்கு கோயம்புத்தூர் போய்ச் சிறிய உலோக லேத் ஒன்றைப் பார்க்கலாம். ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுவதாக, தெற்றாமல் சுழல்வதாக இருக்கட்டும். மர லேத்தைவிட இதையே வாங்க வேண்டும். உளியைப் பிடிக்கும் தாங்கியை இதில் பொருத்திக்கொள்ளலாம், மர லேத்தில் மரையின் துல்லியம் எளிதில் வராது.

முதல் பேனா கறுப்பு எபோனைட், கிளிப்பு இல்லாமல், நேரான உடல், ஒற்றைப்புரி மூடி, சொந்த நாக்கு, மலிவான நிப்பு. உடல் முழுதும் மை ஊற்றும் பேனாவாகவே அதைச் செய்ய வேண்டும், அப்போதுதான் மரையின் பொய் வெளியே வரும். பிறருக்குக் கொடுக்கும் பேனா என்றால் கன்வர்ட்டர்தான். இந்த மலையில் அதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் தாங்கும் செதில்களோடு வாங்கிய நாக்கைப் பொருத்தினாலும் குறையில்லை, ஏனெனில் அது என்ன செய்கிறது என்று செய்தவருக்கு இப்போது தெரியும். கிட் வேண்டுமானால் பிறகு, உளிப் பயிற்சிக்கு. தேயிலைக் கட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

சோதனைக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. நாடுகாணியிலிருந்து வழிக்கடவுக்கு இறங்கினால் காற்று சுருங்கும், மை உள்வாங்கும். திரும்பி ஏறும்போது விரியும், ஊட்டி வரை போனால் இன்னும் விரியும். பேனாவில் கால்வாசி மை ஊற்றி, வெள்ளைத்தாளில் சுற்றி, பையில் படுக்கைவாட்டில் வைத்துக்கொண்டு இந்த இரு பாதையிலும் ஒரு நாள் போய்வர வேண்டும். மாலையில் தாளைப் பிரித்து, மூடியைக் கழற்றி, எத்தனை சொட்டு என்று எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.